மீண்டும் அந்த மாடிப்படியில்

ராயபுரம் கல்மண்டபம் பகுதியில், வலைக்கயிறும் தூண்டில் முள்ளும் விற்கும் ஒரு கடையின் மேல்மாடியில் உடற்பயிற்சிக் கூடம் ஒன்று உள்ளது. ஏறிச் செல்லப் பதினெட்டுப் படிகள். இருபத்திரண்டாம் வயதில், பி.ஏ. முடித்த கையோடு, அப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறியவன் நான். சென்ற ஆண்டு, நாற்பத்தாறாம் வயதில், அதே படிகளின் அடியில் மூன்று மாலைகள் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

முதல் நாள், மஃரிபுக்குப் பிந்திய வேளையில் கூட்டமாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் கூறிக்கொண்டேன். இரண்டாம் நாள், அணிந்திருந்த கால்சட்டை சரியில்லை என்று தோன்றியது. மூன்றாம் நாள் காரணமே தேடவில்லை. நான் நெடுநேரம் நிற்பதைக் கண்ட கடைக்காரர், "என்ன ஹஜ்ரத், ஏதாவது வேணுமா?" என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்ல நா எழவில்லை. நான்கு மீட்டர் நைலான் கயிறு வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

சிரிக்கத் தோன்றினால் சிரித்துவிடுங்கள். ஆயினும் உங்களில் எத்தனை பேர் இப்படி வேறொரு கயிற்றை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறீர்கள் என்பதையும் சற்று நினைத்துப் பாருங்கள்.

அந்தக் கூடத்திற்கு நான் பத்தொன்பது ஆண்டுகள், விட்டும் தொட்டும், போய் வந்தவன். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக அதன் கதவு சாத்தப்பட்டது. திறந்தபோது நான் போகவில்லை. முதலில் நோயச்சம், அடுத்து அத்தாவின் மௌத்து, அதன் பிறகு, "வருகிற மாதம்" என்னும் சொல். ஐந்தாண்டுகளில் அறுபத்தெட்டுக் கிலோவாக இருந்த உடல் எண்பத்து நான்கானது. ருகூவிலிருந்து நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் வந்தது. பிறகு ஒரு நாள் இரத்தப் பரிசோதனைச் சீட்டில் சர்க்கரைக்கு எதிரே அச்சாகியிருந்த எண்ணைப் பார்த்து மருத்துவர் தலையை ஆட்டினார்.

இந்த எண் எங்கள் வீட்டுக்குப் புதியதன்று. அத்தா சென்னைத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கியவர். வயிற்றில் குத்தினால் குத்தியவன் கைதான் வலிக்கும் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். பணி ஓய்வு பெற்று நாற்காலியில் அமர்ந்தார், எழவில்லை. சர்க்கரை அவருடைய வலக்காலின் பெருவிரலை முதலில் எடுத்தது. மிச்சத்தை இங்கே எழுத மனம் வரவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல் என்று கணக்கிட்டது. கோடிகளைப் படிக்கும்போது மனம் கலங்குவதில்லை. ஒரு விரலை எண்ணும்போது கலங்குகிறது.

உண்ட உணவிலிருந்து இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை வாங்கிச் செலவிடும் முக்கியமான இடம் தசை. தசை தளர்ந்தால் சர்க்கரைக்குப் போக்கிடம் குறைகிறது. அதனால்தான் மருத்துவர் நடையோடு நிறுத்தாமல், "வெயிட்டும் தூக்குங்க" என்றார். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், அதோடு குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்றே கூறுகிறது. நடையாவது நடக்கலாம் என்றால், எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நடந்து பார்த்தவர்களுக்கு அதன் சுகம் தெரியும். ஆக, அந்த மாடிக்குத்தான் போக வேண்டும். போகவும் முடியவில்லை.

எதற்குத்தான் அஞ்சினேன்? முதலில், பிறர் பார்வைக்கு. இருபது வயது இளைஞர்கள், கைகளெல்லாம் முறுக்கேறி, சுவரெல்லாம் கண்ணாடி வைத்த கூடத்தில் நிற்பார்கள். நடுவே தொந்தியோடு ஒரு மதரஸா ஆசிரியர். இந்த அச்சத்தை அளந்து பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் என்ற உளவியல் பேராசிரியரும் அவருடைய சகாக்களும் 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அணியக் கூச்சப்படும்படியான ஒரு பாடகரின் படம் பொறித்த சட்டையை ஒரு மாணவருக்கு அணிவித்து, பலர் அமர்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர் எண்ணினார். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேருக்கு மேல் இல்லை. ஒவ்வொருவரும் தம் சட்டையைப் பற்றிய கவலையிலேயே இருக்கிறோம். அடுத்தவர் சட்டையைப் பார்க்க யாருக்கு நேரம்?

இதைப் படித்த பின்னும் என் கால் படியில் ஏறவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிறர் பார்வை பாதிக் காரணந்தான் போலும். மீதிப் பாதி எதுவென்று எனக்கு உணர்த்தியவர் எங்கள் மதரஸா மாணவர் ஒருவர்.

அவர் மூன்றாண்டுகளில் பதினான்கு ஜுஸ்வு மனனம் செய்தவர். தகப்பனார் படுத்துவிட்டதால் ஓதலை நிறுத்திக் காசிமேட்டில் ஐஸ் கட்டி ஏற்றும் வேலைக்குப் போனார். ஒன்றரை ஆண்டு கழித்துத் திரும்பினார். திரும்பினார் என்றால், வாசல்வரை. ஒரு வாரம் தெருமுனையில் நின்று போய்க்கொண்டிருந்தவரை நான்தான் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தேன். ஏன் வரவில்லை என்றதற்கு அவர் தலைகுனிந்து, "பதினாலு ஜுஸ்வு ஓதினவன்னு எல்லாருக்கும் தெரியும் ஹஜ்ரத். இப்ப அம்ம ஜுஸ்வே தடுமாறுது" என்றார்.

இத்தகைய பிள்ளைகளை நான் பலமுறை கண்டிருக்கிறேன். புதிதாக வருகிறவன் தடுமாறினால் அழுவதில்லை. அவனுக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை. திரும்பி வருகிறவன் ஒவ்வொரு தடுமாற்றத்தையும் தன் பழைய ஓதலோடு வைத்து அளக்கிறான். ஆகவே அவர்களிடம் நான் எப்போதும் கூறும் வார்த்தை ஒன்றே: "விட்ட இடத்திலிருந்து தொடங்காதே. சின்ன சூராக்களிலிருந்து தொடங்கு. பதினான்காவதைத் திறக்கவே திறக்காதே." அந்த மாணவரிடமும் அதையே சொன்னேன். மூன்றாண்டில் ஏறியதை அவர் ஏழு மாதங்களில் மீட்டார். இது எங்கள் மதரஸாவில் மட்டும் நடக்கும் அதிசயமில்லை. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, மறந்து, மீண்டும் மனனம் செய்து பார்த்து, 1885இல் ஒரு நூல் வெளியிட்டார். முற்றிலும் மறந்துவிட்டதாகத் தோன்றும் பாடத்தையும் இரண்டாம் முறை கற்க முதன்முறையைவிடக் குறைந்த நேரமே போதும் என்று அவர் கண்டார்.

அன்று இஷாவுக்குப் பின் வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது. உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்று பாடம் நடத்துகிறவன் நான். திரும்பி வருகிறவன் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்றும் அறிந்தவன். இருந்தும் படியடியில் நின்றபோதெல்லாம் என் மனம் எண்பது கிலோ பாரை மார்பிலிருந்து தூக்கிய அந்த நாற்பத்தொரு வயதுக்காரனைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்தது. மேலே இருந்த இளைஞர்களைவிட அவனைச் சந்திக்கத்தான் எனக்குக் கூச்சம்.

மனனத்தைப் போலவே தசைக்கும் ஒரு நினைவு உண்டோ என்று அறிவியலார் ஆராய்ந்து வருகின்றனர். உழைத்துப் பெருத்த தசையிழைக்குள் புதிய உட்கருக்கள் சேர்கின்றன. நார்வேயின் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தார் 2010இல் எலிகளிடம் கண்டது என்னவென்றால், பிறகு தசை மெலிந்தாலும் அந்த உட்கருக்கள் மூன்று மாதம் வரை மறையவில்லை என்பது. மனிதரிடமும் அப்படியே நிகழ்கிறதா என்பதில் இன்னும் விவாதம் உண்டு. ஆனால் 2024இல் ஃபின்லாந்தில் வெளியான ஆய்வு மனிதரிடம் நடத்தப்பட்டது. ஒரு சாரார் 20 வாரம் இடைவிடாமல் எடைப்பயிற்சி செய்தனர். மற்றொரு சாரார் 10 வாரம் செய்து, 10 வாரம் முற்றிலும் நிறுத்தி, மீண்டும் 10 வாரம் செய்தனர். முடிவில் இரு சாராரின் வலிமையும் தசையளவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. நிறுத்தியவர்கள் திரும்பிய முதற்சில வாரங்களிலேயே இழந்ததை எட்டிவிட்டனர். பத்து வாரமும் ஐந்தாண்டும் ஒன்றில்லைதான். ஆயினும் எனக்குச் சற்றுத் தெம்பு வந்தது.

அத்தா இருந்திருந்தால் இந்த ஆராய்ச்சிகளையெல்லாம் கேட்டுவிட்டு, "முஹம்மது அலியைப் பாரு" என்று ஒரே வரியில் முடித்திருப்பார். வடசென்னைக்காரர்களுக்குக் குத்துச்சண்டை அந்நிய விளையாட்டில்லை. "ரோஷமான ஆங்கிலக் குத்துச்சண்டை" என்று பெயரிட்டு, சார்பட்டா, இடியப்ப நாயக்கர் எனப் பரம்பரை பிரிந்து மோதிய மண் இது. 1980ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அலி சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் தம் பழைய தோழர் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் இறங்கினார். முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அன்று அவரை வரவேற்றார். அந்தக் கூட்டத்தில் எங்கோ ஒரு மூலையில் அத்தாவும் இருந்தார்; எங்கள் வீட்டில் அது வருடந்தோறும் சொல்லப்படும் கதை.

அலியின் திரும்பி வருதல் அனைவரும் அறிந்தது. வியட்நாம் போருக்குப் போக மறுத்ததற்காக 1967இல் பட்டமும் உரிமமும் பறிக்கப்பட்டன. 25ஆம் வயதில் நின்றவர், மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1970 அக்டோபரில் அட்லாண்டா நகரில் மீண்டும் மேடையேறினார். ஜெர்ரி குவாரியை மூன்றாம் சுற்றிலேயே வென்றார். ஆயினும் கால்களில் பழைய நடனம் இல்லை என்பதை உடனிருந்தவர்கள் கண்டனர். 1971 மார்ச்சில் ஜோ ஃபிரேசியரிடம் தோற்றார். பட்டம் மீண்டும் கைக்கு வந்தது 1974 அக்டோபரில், கின்ஷாசாவில், ஜார்ஜ் ஃபோர்மனை எட்டாம் சுற்றில் வீழ்த்தியபோது. அன்று அவர் மேடையைச் சுற்றி ஆடவில்லை. கயிற்றில் சாய்ந்து, கைகளால் மறைத்து, அடிகளை வாங்கிக்கொண்டு, எதிராளி களைக்கும்வரை காத்திருந்தார். பழைய அலி திரும்பவில்லை. வந்தது வேறோர் அலி; இருக்கின்ற காலை வைத்துக்கொண்டு சண்டையிடக் கற்றவர்.

அத்தா சொல்லாமல் விடும் பகுதி ஒன்று உண்டு. நான் பின்னர் படித்து அறிந்தது. சென்னைக்கு வந்த அதே 1980இல், அக்டோபர் மாதம், ஓய்விலிருந்த அலி மறுபடியும் திரும்பினார். வயது 38. பெருத்திருந்த உடலை வெகுவிரைவாக இளைக்க வைத்தார். தைராய்டு மருந்தும் உட்கொண்டார். கண்ணாடியில் பழைய அலியே நின்றார். லாஸ் வேகாஸில் லேரி ஹோம்ஸ் முன் நின்றபோது அந்த உடலுக்குள் வலுவில்லை. பத்துச் சுற்றுகள் ஏறத்தாழத் திருப்பி அடிக்காமலே அடி வாங்கினார். அதற்குமேல் அவருடைய பயிற்சியாளர் அனுப்ப மறுத்துவிட்டார். ஒரே மனிதர் இருமுறை திரும்பினார். 1970இல் திரும்பியவர் மாறிப்போன தம் காலுக்கு ஏற்பச் சண்டையை மாற்றிக்கொண்டார். 1980இல் திரும்பியவர் பழைய உருவத்தைத் துரத்தினார்.

நான்காம் மாலை படியேறினேன். பதினெட்டில் பன்னிரண்டாம் படியில் மூச்சு வாங்கி நின்றேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். உள்ளே ஏழெட்டு இளைஞர்கள். இருவர் கண்ணாடியில் தம் தோள்களைப் பார்த்துக்கொண்டிருந்தனர், ஒருவர் கைப்பேசியில் ஆழ்ந்திருந்தார், எவரும் திரும்பவில்லை. எனக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது! மாஸ்டர் மட்டும் நரைத்த மீசையோடு எழுந்து வந்தார். "வாங்க ஹஜ்ரத். அத்தா தவறினதைக் கேள்விப்பட்டேன்" என்றார். எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்கவில்லை. ஐந்து கிலோ டம்பெல்ஸ் இரண்டை எடுத்துக் கையில் கொடுத்தார். என் கண் மூலையிலிருந்த பெரிய பிளேட்டுகள் பக்கம் போனதைக் கவனித்துவிட்டு, "அது எங்கயும் போகாது" என்றார்.

அன்று செய்தது: ஐந்து கிலோவில் மூன்று வகை, வகைக்குப் பத்துப் பத்தாக இருமுறை, சுவரைப் பிடித்துக்கொண்டு பஸ்கி பத்து, தரையில் எடுக்க இயலாததால் மேசையில் கையூன்றி எடுத்த தண்டால் எட்டு. இருபத்தைந்து நிமிடம். மறுநாள் காலை வலி அதிகமில்லை. இரண்டாம் நாள் சட்டையை மாட்டக் கை உயரவில்லை. இந்த வலி ஓரிரு நாள் கழித்து உச்சத்துக்கு வந்து தானே அடங்குவது. கூடங்களில் இதை லாக்டிக் அமிலம் என்பார்கள். அந்த அமிலம் பயிற்சி முடிந்து சிறிது நேரத்திலேயே நீங்கிவிடுவது. வலி, பழக்கமற்ற வேலையால் தசையிழைகளில் ஏற்பட்ட நுண்ணிய சிதைவும் அதை ஆற்றும் பணியும். இரண்டாம் முறை அதே வேலைக்கு அவ்வளவு வலிக்காது.

ஆனால் திரும்பி வருகிறவர்களுக்கென்றே உள்ள ஆபத்தை மறைக்கக் கூடாது. புதியவனுக்குத் தூக்கத் தெரியாது. ஆகவே தூக்க மாட்டான். நமக்குத் தெரியும், மனம் பழைய எண்ணைச் சொல்லும். தசை சில வாரங்களில் விழித்துக்கொண்டாலும், அதை எலும்போடு பிணைக்கும் தசைநாண்கள் மெல்லத்தான் உறுதிப்படும். மூன்றாம் வாரம் "பழையபடி ஆகிவிட்டது" என்று தோன்றும் நாளே தோளும் முழங்காலும் பிசகும் நாள். ஒரே நாளில் அளவுமீறி வருத்திக்கொண்டால் சிதைந்த தசையின் பொருள்கள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையே பாதிப்பதும் உண்டு. கடுமையான வலியோடு சிறுநீர் தேயிலை நிறத்தில் போனால், கஷாயம் வைத்துக் குடித்துக்கொண்டிராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். நெஞ்சில் அழுத்தம் வந்தாலும் அப்படியே. இன்சுலினோ சிலவகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை தாழ்ந்து கண் இருளும். மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, கையில் இனிப்பொன்று இருக்கும்படி போவது நல்லது. நாற்பதைக் கடந்து நெடுநாள் விட்டவர்கள் தொடங்குமுன் மருத்துவரை ஒருமுறை கண்டுவிட வேண்டும்.

இடையில் ரமழான் வந்தது. முப்பது நாளும் படியேறவில்லை, தராவீஹே போதுமென்றிருந்தேன். ஷவ்வாலில் திரும்பியபோது பழைய கூச்சம் மீண்டும் எட்டிப் பார்த்தது; ஆனால் இம்முறை கயிறு வாங்கும் அளவுக்கில்லை. முதல் வாரம் எல்லா எடையையும் பாதியாகக் குறைத்துக்கொண்டேன். இரண்டாம் வாரம் முடிவதற்குள் விட்டதைத் தொட்டுவிட்டேன். நம் வீட்டு இளைஞர்கள் இதை வருடந்தோறும் செய்கிறார்கள் அல்லவா! திரும்பி வருவதில் நம் சமுதாயத்திற்கு இருக்கும் பழக்கம் வேறு யாருக்கு உண்டு?

இதையெல்லாம் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த ஓர் இரவில் என் இல்லத்தார் குறுக்கிட்டார். "உங்களுக்குப் படியடியில நிற்கவாவது ஒரு இடம் இருக்கு. எங்களுக்கு?" என்றார். மூன்றாம் பிள்ளைக்கு முன்புவரை அவர் ஃபஜ்ருக்குப் பின் அண்டைவீட்டுப் பெண்களோடு நடந்துவந்தவர். விட்டு ஒன்பதாண்டு ஆகிறது. பெண்களுக்கென்று தனிநேரம் ஒதுக்கும் கூடங்கள் சில இப்போது உள்ளன. எங்கள் வீட்டிலிருந்து எட்டும் தொலைவில் ஒன்றில்லை. நான் பதில் சொல்ல இயலாமல் இருந்தேன். மறுநாள் அவரே இரண்டு தண்ணீர்ப் புட்டிகளில் மணல் நிரப்பி, மகளையும் அழைத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். பக்கத்து மாடியிலிருந்து பார்ப்பார்களே என்ற தயக்கம் முதல் நாள் இருந்ததாம். மூன்றாம் நாள் பக்கத்து மாடிப் பெண்மணி, தாமும் வரலாமா என்று கேட்டிருக்கிறார்.

மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது. மாத்திரையை மருத்துவர் நிறுத்தவில்லை, அளவைக் குறைத்தார். எடை நான்கு கிலோதான் குறைந்திருக்கிறது. பாரில் இப்போது நாற்பது கிலோ தூக்குகிறேன். எண்பது இனி வருமா என்று மாஸ்டரிடம் கேட்டதற்கு அவர், "எதுக்கு ஹஜ்ரத்?" என்று திருப்பிக் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை.

அந்த நைலான் கயிறு எங்கள் மொட்டைமாடியில் துணி காயப்போடும் கொடியாகிவிட்டது. செவ்வாய், வியாழன், சனி இரவுகளில் என் பனியன் அதில் தொங்கும்.